கனமான மேகசின்

ஒரு காட்டில் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான் இருந்தது; அதற்கு அதிகாரிகள் மட்டும் ஏராளம். ஓடைக்கரைக் காவலுக்கு மரிக்கொழுந்து என்ற கீரியைப் போட்டிருந்தார்கள். காவல் சாவடிக்குப் பின்னால் இருந்த வளையில்தான் அவளுடைய குட்டிகள் இருந்தன. கழுதைப்புலி ஓடையைத் தாண்டினால் முதலில் அந்த வளைக்குத்தான் வரும்.

தோட்டா அடைக்கும் மேகசின் புதிதாக வாங்கவேண்டி வந்தது. தளபதி கரடி பூதலிங்கம் கீரியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பலாப்பழம் வாங்குகிறவர் போல ஒவ்வொன்றையும் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இதுதான் நல்ல கனம். இதையே எடுத்துக்குவோம்."

"ஐயா, இதோட வாய் நெளிஞ்சிருக்கு. ஸ்பிரிங் அமுக்கினா திரும்பி வரமாட்டேங்குது. தோட்டா மேலே ஏறாதுங்க."

"நான் படையில சேர்ந்தப்ப நீ பொறந்திருக்கவே மாட்டே. எப்படிப் பளபளன்னு இருக்கு பாரு!"

ஆயுத பூஜை வந்தது. மேகசினுக்கு வெளியே சந்தனம், உள்ளேயும் சந்தனம். தளபதி தன் கையாலேயே தோட்டா அடைத்தார். தோட்டாவின் மூக்கு தன்னைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று எல்லாவற்றையும் பின்பக்கமாகத் திருப்பி வைத்தார். நிறைந்த பிறகும், குறையாக இருந்தால் அபசகுனம் என்று இன்னொன்றை முட்டித் திணித்தார்.

"ஐயா, மூக்கு முன்னாடி இருந்தாத்தான் சுடும். எடுத்துச் சரியா அடைச்சிடறேன்."

"பூஜையில வெச்சதை நாளைக்கு வரைக்கும் பிரிக்கக்கூடாதுன்னு தெரியாது? சுண்டல் வாங்கிக்கிட்டுப் போ."

படையே சுண்டல் தின்னும் நேரம் கழுதைப்புலிக்கும் தெரியும். வந்துவிட்டது. மரிக்கொழுந்து பாய்ந்து துப்பாக்கியை எடுத்தாள், இழுத்தாள், அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. வளைக்குள் குட்டிகள் அலறின. மேகசினைக் கழற்றி முழு பலத்தோடு எறிந்தாள். அது நடு மண்டையில் விழுந்தது. கழுதைப்புலி ஊளையிட்டுக்கொண்டு ஓடையில் குதித்து ஓடியது. குட்டிகளைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள்.

மறுநாள் விசாரணை நடந்தது. தகுந்த மேகசினைத் தேர்ந்தெடுத்ததற்காகத் தளபதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பூஜைப் பொருளை எறிந்து நெளித்ததற்காகக் கீரிக்கு வேலை போனது.

"அது வாங்கும்போதே நெளிஞ்சிருந்ததுங்க!" என்று அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை. குட்டிகளைக் கூட்டிக்கொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டாள். நல்ல காரியம் செய்தாள்.

கழுதைப்புலி மறுபடி வந்தது, தலையில் ஒரு பித்தளை அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு. வளை காலியாக இருந்ததால் பக்கத்துக் குகைக்குள் நுழைந்தது. அங்கே பதக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பூதலிங்கம் பதறி எழுந்து மேகசினை எறிந்தார். 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவர் சத்தம் கேட்கவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் புதுத் தளபதி கடைக்குக் கிளம்பினார், இன்னும் கனமான மேகசின் வாங்க.

நீதி: மேகசினை எப்போதும் எடை பார்த்தே வாங்குக. சுடத் தெரிந்தவர்களை முன்னதாகவே வேலையைவிட்டு அனுப்பிவிடுக.