ரசமட்டம் கட்டிய சரிவு

சென்னையில் நேராக இருப்பது எதுவுமே இல்லை என்று கண்டுபிடித்தவர் எங்கள் ரசமட்டம். கோயில் கோபுரம் முதல் என் தலை வகிடு வரைக்கும் அவர் கணக்கில் எல்லாம் கோணல்தான். கொத்தனார் மேஸ்திரியான அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மட்டம் பார்க்கிற கட்டை, நடுவில் கண்ணாடிக் குழாயும் அதற்குள் ஒரு குமிழியும் இருக்குமே, அந்த ரசமட்டத்தை இடுப்பில் செருகாமல் அவர் வெளியே வந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் பெயரும் அதுவே ஆகிவிட்டது. குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. ஓரத்துக்கு ஓடினால் யாரோ ஒருவருக்குத் திட்டு நிச்சயம்.

டீக்கடை பெஞ்சில் உட்காருவதற்கு முன்னால் அதை வைத்துப் பார்ப்பார். ஆட்டோவில் ஏறினால் சீட்டில் வைத்துப் பார்ப்பார். ஒரு முறை என் வீட்டில் இட்லிக்கு மேலேயே வைத்துவிட்டார்.

"இன்னாம்மே, மேக்கால தாழ்ந்து கீது?"

இட்லிக்கு மேற்கு உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சிரித்துவிட்டுப் போகலாம்தானே? நான் அடுத்த ஈட்டுக்கு இட்லித் தட்டைத் திருப்பி வைத்து மாவு ஊற்றினேன். என் புத்தி அவ்வளவுதான். இத்தனைக்கும் "சரியா கீது" என்று அவர் எதைப் பார்த்தும் சொல்லி நான் கேட்டதில்லை. அதிகம் போனால் "பரவால்ல" என்பார். அதுவே எங்களுக்குத் தீபாவளி.

நான் அவரிடம் சித்தாள், அடுத்த வீட்டுக்காரியும்கூட. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஜல்லி சுமக்க வந்தவள். நாலு பேர் முன்னால் வாயைத் திற என்றால் எனக்குக் காய்ச்சலே வந்துவிடும். திட்டு வாங்குவதற்கு இப்படி வசதியான ஆள் மேஸ்திரிக்கு வேறு எங்கே கிடைக்கும்?

எங்கள் தெரு, திருவான்மியூருக்குப் போகிற வழியில் உள்ளடங்கிய ஓர் ஏரியை ஒட்டியது. ஐப்பசி மழை வலுத்தால் ஏரி எங்களைப் பார்க்க வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். மேஸ்திரி சம்சாரத்துக்கு, அவளை நான் அக்கா என்பேன், வாதம் வந்து இரண்டு காலும் விழுந்துவிட்டன. நான் சொல்ல வந்த வருஷத்துக்கு முந்தைய மழையில், அப்படிக் கால் விழுந்திருந்த அக்காவை ஒரு பிரியாணி அண்டாவில் உட்கார வைத்து, மார்பளவு தண்ணீரில் மேஸ்திரி தள்ளிக்கொண்டு போனார். நான் பின்னால் பிடித்துக்கொண்டு போனேன். பிடித்துக்கொண்டு என்பது பெருமைக்குச் சொல்வது. நீச்சல் தெரியாதவள், அண்டாவில் தொற்றிக்கொண்டு போனேன். அது வழியெல்லாம் சாய்ந்ததே என்னால்தான்.

மெயின் ரோட்டில் கரையேற்றியதும் அக்கா சொன்னாள்: "இன்னொரு தபா இந்த அண்டாவுல ஏற மாட்டேன்யா. தண்ணி வந்தா வூட்டோடவே போய்ச் சேர்றேன்."

மேஸ்திரி அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

அதனால்தான், எங்கள் தெரு முனை அடுக்குமாடிச் சங்கத்தார் மழைக் காலத்தில் தெருவுக்கே உதவுகிற மாதிரி ஒரு படகு வாங்கப் போகிறார்கள், அதை ஏரியில் இறக்கி ஏற்றச் சிமெண்டில் ஒரு சரிவு கட்ட வேண்டுமாம் என்றதும் மேஸ்திரி முதல் ஆளாக ஓடினார். மழைக்கு முன்னால் படகு இறங்கும், நீ அதில் ராணி மாதிரி போவாய் என்று அக்காவிடம் சத்தியமே செய்துவிட்டார். சரிவு என்றால் சாய்ந்திருக்கும் என்பது அங்கே போன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

சங்கத்துச் செயலாளர், மயிலாப்பூரிலிருந்து குடிவந்த ரிட்டயர்டு மாமா, உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார். "இப்படி வரணும், மேஸ்திரி. மேலேர்ந்து தண்ணிக்குள்ள வரைக்கும் இறங்கிண்டே போகணும்."

"சாமி, ஊர்ல சாஞ்சிகினு கீறதெல்லாம் நிமித்தி வுட்டவன் நானு. சாய்க்கறதுக்கு எதுக்கு மேஸ்திரி? கொட்டி வுட்டா தானா சாயும்."

"தானா சாஞ்சா ஏரிக்குள்ளன்னா போயிடும்? அப்புறம், மேல் பூச்சு சொரசொரன்னு இருக்கட்டும்."

சொரசொரப்பு என்றதும், கல்யாணப் பந்தியில் ஊசிப்போன சாம்பார் விழுந்த மாதிரி ஆனது மேஸ்திரி முகம்.

மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்து, மோட்டார் வைத்து இறைத்து, கம்பி கட்டி, பூசணிக்காய் உடைத்து, கான்கிரீட் போட்டோம். நூல் பிடித்துச் சரிவை ஒழுங்காகத்தான் கொண்டுவந்தார். ஆனால் ரசமட்டத்தை வைக்க இடமில்லை. மேலிருந்து கீழாக எங்கே வைத்தாலும் குமிழி ஓரத்துக்கு ஓடியது. எடுப்பார், வைப்பார், பெருமூச்சு விடுவார், செருகுவார். கடைசியில், மட்டத்தில் போன மானத்தை மழமழப்பில் மீட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்.

சிமெண்ட் பாலை ஊற்றிக் கரணையால் இழை இழை என்று இழைத்தார். நானும் சும்மா இருக்கவில்லை. தரை இழைப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. வீட்டுக்காரர்கள் புதுத் தரையில் வெறுங்காலோடு நடந்து "அடேயப்பா, வழுக்குதே!" என்றால் அதுதான் எங்களுக்குப் பொன்னாடை. மேஸ்திரி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், போட்டி போட்டு இழைத்தோம். குனிந்தால் என் மூக்குத்தி தெரிந்தது. நாம் போடுவது யார் வீட்டுக் கூடமும் இல்லை என்பது இரண்டு மண்டையிலும் ஏறவில்லை. மாமா பேரனைப் பார்க்க பெங்களூர் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. நானே காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி அந்தக் கண்ணாடியை வளர்த்தேன்.

திறப்பு அன்று மணல் மூட்டைகளை அகற்றினோம். தண்ணீர் வந்து சரிவின் பாதியை நனைத்தது. சாக்கை உருவினோம். பட்டினப்பாக்கத்துப் படகுக்காரர் படகைக் கொண்டுவந்து மேலே நிறுத்தியிருந்தார். வானம் கருத்துக் கிடந்தது. மாமா ஆரத்தித் தட்டை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எடுங்கோம்மா. சுமந்தவா நீங்கதானே."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. தட்டை வாங்கிக்கொண்டு, "அய்யோ, நான் வேணாங்க" என்று பின்னால் நகர்ந்தேன்.

பின்னால் சரிவு இருந்தது.

உட்கார்ந்த வாக்கில், கையில் தட்டோடு, கற்பூரம்கூட அணையாமல், ஏரியைப் பார்க்கக் கிளம்பினேன். போகிற போக்கில் எதையாவது பிடிக்கலாம் என்று ஒரு கையை வீசியதில் மாமாவின் வேட்டி அகப்பட்டது.

"வேஷ்டிய விடுங்கோம்மா! வேஷ்டிய...!"

விடவில்லை. வேட்டியோடு மாமாவும் வந்தார். எங்களைப் பிடிக்க ஓடிவந்த மேஸ்திரி மட்டும் உட்காரவில்லை. இடுப்பில் ரசமட்டம், முதுகு விறைப்பாக, நின்றபடியே வழுக்கி, துளிகூடச் சாயாமல் ஏரிக்குள் இறங்கினார். ஆகாயத்தாமரைக்கு நடுவில் மூன்று தலைகள்.

"இன்னா நைனா," என்றார் படகுக்காரர், "படகு எறக்கக் கட்டுனியா, சறுக்குமரம் கட்டுனியா?" சிரிப்புத் தாங்காமல் படகின் மேல் சாய்ந்தார். படகு அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு, யாரும் தொடாமலே வழுக்கி நடு ஏரிக்குப் போய்விட்டது.

இறக்குவதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏற்றுவதுதான். படகுக்காரர் நீந்திப் போய்க் கொண்டுவந்தார். ஆட்கள் சேர்ந்து இழுத்தார்கள். படகு ஒரு முழம் ஏறும், கால்கள் வழுக்கும், படகும் ஆட்களுமாகத் தண்ணீருக்கே திரும்புவார்கள்.

மேஸ்திரி ஈரத்தோடு கரையில் குந்தியிருந்தார். "அவளுக்கு இன்னா பதில் சொல்லுவேன்மே? மறுக்கா அண்டாவா?"

மாமா துண்டைக் கட்டிக்கொண்டு வேட்டியைப் பிழிந்தார். கோபப்படவில்லை. "கொத்திடுங்கோ, மேஸ்திரி. குறுக்கால கோடு கோடா. கால் நிக்கும்."

பெற்ற பிள்ளை முகத்தில் கீறச் சொன்ன மாதிரி மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். பிறகு உளியையும் சுத்தியையும் என்னிடம் கொடுத்தார். "நீ கொத்து. நான் பாக்க மாட்டேன்."

திரும்பி உட்கார்ந்துகொண்டார். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்தபடி நான் கொத்தினேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் முதுகு துள்ளியது. இரண்டாவது கோட்டுக்கு மேல் தாங்கவில்லை, திரும்பிவிட்டார்.

"இன்னாமே இது, கோடா கோலமா? வடக்கால ஏறிகினு போவுது பாரு!"

என் கோணலை எனக்கே நிரூபிக்க, ரசமட்டத்தை உருவிச் சரிவின் குறுக்கே வைத்தார்.

குமிழி நடுவில் நின்றது.

மேலிருந்து கீழே பார்த்தால்தான் அது சரிவு. குறுக்கே வைத்தால் மட்டம்! இத்தனை நாளும் கட்டையை நீளவாக்கிலேயே வைத்து வைத்து மனம் நொந்திருக்கிறார். "நவுரு" என்று உளியைப் பிடுங்கினார். அதன் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் மட்டம் பார்த்துப் பார்த்துக் கொத்தினார். படகு கரையேற அப்படியொரு மட்டமான கோடுகள் எந்த ஊரிலும் இருக்காது. முடித்துவிட்டு, "பரவால்ல" என்றார். என் இரண்டு கோட்டையும் அடித்துத் திருத்திவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழை வந்தது. ஏரியும் வழக்கம்போல் வீட்டுக்கு வந்தது. ஆட்கள் கோட்டில் காலை ஊன்றிப் படகை இறக்கினார்கள். அது நேரே எங்கள் வாசலுக்கு வந்தது. மேஸ்திரி அக்காவைத் தூக்கிவந்து பலகையில் உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, "நீ அந்தாண்ட குந்து, சமமாயிடும்" என்றார். என் உடம்பை ஒருவர் எடைக்கல்லாகவாவது மதித்தாரே என்று எதிர்ப்பலகையில் போய் உட்கார்ந்தேன்.

காற்றும் மழையும் அடித்தன. படகு ஆடியது. அக்கா மேஸ்திரியின் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், அண்டா கணக்கா சாயுதாய்யா?"

மேஸ்திரி ரசமட்டத்தை எடுத்து அவள் பக்கத்தில் பலகையில் வைத்தார். குனிந்து குமிழியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"சரியா கீது" என்றார்.

எதிரே இருந்த எனக்குக் குமிழி நன்றாகத் தெரிந்தது. ஓரத்துக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நான்தான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் ஆயிற்றே. அக்காவிடம் இன்று வரைக்கும் சொல்லவில்லை.