மிளகாயைத் தள்ளிவைத்த சரித்திரம்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பிழைகளும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கரண்டி பிடித்த கையில் பேனா சரியாக உட்காரவில்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டே ரோமாபுரி விழுந்ததற்குக் கண் கலங்கிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவருக்குக் கீழேதான் நான் பல வருஷம் காய் நறுக்கினேன். காரைக்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அந்தச் சமையல் மாஸ்டரைச் 'சரித்திரம்' என்றால்தான் தெரியும். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த உலக வரலாற்றுப் புத்தகங்களை வாங்கி, கரண்டிகளோடு ஒரே டிரங்குப் பெட்டியில் போட்டுக்கொண்டு வருவார். எகிப்தில் பெருங்காய வாசம் அடிக்கும். கிரேக்கம் முழுக்க மஞ்சள் கறை. சீனப் பெருஞ்சுவரில் ஒருமுறை நெய் கொட்டி, பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரியும்.

வெங்காயம் உரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டும்போது சமாதானம் சொல்வார்.

"பிரமிடு கட்டுனவனுக்கே வெங்காயந்தாம்ப்பா குடுத்திருக்கான். நீ உரிக்கத்தானே செய்யிறே, கல்லா தூக்குறே?"

பருப்பு வேகும் நேரத்தை அவர் கடிகாரத்தில் பார்த்ததில்லை. அலெக்சாந்தர் சிந்து நதியைத் தாண்டும்வரை வேகட்டும் என்பார். ஒருநாள் அலெக்சாந்தர் கரையிலேயே நின்று யோசித்ததில் பருப்பு அடிபிடித்துப்போனது. அதற்கப்புறம் இரண்டு வீடுகளில் எங்களை வேண்டாம் என்றுவிட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் அமெரிக்கக் கண்டத்துப் பழைய நாகரிகங்களைப் பற்றிய புத்தகம் அவர் கையில் சிக்கியது. படித்த அன்றைக்கு மனிதர் முகமே செத்துப்போனது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி எல்லாமே அங்கிருந்து கப்பலில் வந்தவையாம். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் மிளகாயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம்.

"இத்தனை வருஷமா வெளியூர்ச் சரக்கை நம்ம சமையல்னு சொல்லி ஊரை ஏமாத்தியிருக்கேன்ப்பா" என்றார்.

"அப்பக் காப்பி, அண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்கு ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வேண்டும்.

கையில் இருந்த காப்பி டம்ளரை ஒருமுறை பார்த்தார். "காப்பி அரபுப் பக்கம். அது கிட்டத்துலதான்."

அந்தச் சமயம் பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். சாப்பாடு நன்றாக இருந்தால் தை மாதம் தன் மகள் கல்யாணமும் எங்களுக்குத்தான் என்று வீட்டு ஆச்சி சொல்லியிருந்தார். இதுவும் போனால் எங்கள் கோஷ்டியைக் கலைத்துவிட வேண்டியதுதான். சரித்திரமோ, அந்தக் காலத்துச் சாப்பாடு போடுகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டார். ஆச்சி தன் மாமியார் காலம் என்று நினைத்துத் தலையாட்டினார். இவர் நினைத்தது ஐந்நூறு வருஷத்துக்கு முந்திய காலம்.

முதல் பந்தி உட்கார்ந்தது. எல்லாம் மிளகும் இஞ்சியும்தான். இலையில் சிவப்பே இல்லை. பந்தியில் பேச்சே இல்லை. ஒரு பெரியவர் மட்டும் என்னைக் கூப்பிட்டு, பத்தியச் சாப்பாடாக இருக்கிறதே, வீட்டில் யாருக்காவது பிரசவமா என்று விசாரித்தார். எனக்கு யாராவது கேள்வி கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன். பிள்ளை பெறும் வயசில் அந்த வீட்டில் இருந்தது, தையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண் ஒருத்திதான்.

ஐந்து நிமிஷத்தில் ஆச்சி அடுப்படிக்கு வந்துவிட்டார்.

என்ன இது என்று கேட்டார். சரித்திரம் புத்தகத்தை விரித்துப் பக்கத்தைக் காட்டி, மிளகாய் வந்த கதையைச் சொன்னார். ஆச்சி நின்று கேட்டார். அவர் சொல்லும் கதையை இடையில் எழுந்து போகாமல் முழுசாகக் கேட்ட முதல் ஆள் அந்த ஆச்சிதான்.

"இந்தத் தூணு பர்மா. தரைக்கல்லு இத்தாலி. கூடத்துக் கண்ணாடி பெல்ஜியம். நான் தேவகோட்டையிலருந்து வந்தவ. இதுல எதெதைத் திருப்பி அனுப்பப் போறீக, மாஸ்டர்?"

சரித்திரம் தூணைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். புத்தகத்தை மூடினார்.

"ரெண்டாம் பந்திக்குப் போட ஒரு மிளகாய்கூட நான் கொண்டாரலையே, ஆச்சி" என்றார்.

அரிசி மூட்டைக்கு அடியில் நான் ஒளித்துக் கொண்டுவந்திருந்த மிளகாய் வற்றல் பையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"துரோகி" என்றார். பிறகு, "சீக்கிரம் கிள்ளு."

இரண்டாம் பந்தியில் பேச்சும் சிரிப்பும் திரும்பின. தைக் கல்யாணத்தையும் ஆச்சி எங்களுக்கே கொடுத்தார். மிளகுக் குழம்பும் இருக்க வேண்டும், பந்தியில் மாஸ்டரே வந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் போட்ட கட்டளை. தையில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் ரசம் ஆறிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அடுப்புப் பக்கமே விடுவதில்லையாம். கோஷ்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் சொன்ன ராஜாக்களின் பெயர் ஒன்றும் என் மனசில் தங்கவில்லை. எண்ணெய் காய்ந்து வற்றலைக் கையில் எடுத்ததும் மட்டும், இது எந்தக் கப்பலில் வந்தது என்று அவர் சொல்லி முடிக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றுவிடுகிறேன்.

புரட்டாசி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.