ஜெயம் தலையாட்டும்வரை

சென்னை நந்தம்பாக்கத்துக் கைத்தறிக் கண்காட்சிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் கமலக்கண்ணன் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். இந்தத் தடவை கடைக்கான சரக்கைத் தானே பார்த்து, தானே தேர்ந்தெடுத்து, தானே ஆர்டர் கொடுப்பது. மனைவி ஜெயம் கூட வரலாம். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

ஊரே பட்டுப்புடவை விற்கும் ஆரணியில் ஆண்களுக்கென்று தனிக்கடை வைத்த வீரர் அவர். மகள் பெயரில் 'காவ்யா மென்ஸ் வேர்'. வீரத்துக்குத் தகுந்த கூட்டம்தான் வரவில்லை. கல்யாண மாப்பிள்ளைகள் எல்லாம் வேலூருக்கு பஸ் ஏறிப் போய்ச் சட்டை எடுத்தார்கள். வேறெங்கும் கிடைக்காத சரக்கு ஒன்று வந்து, ஆவணி முகூர்த்தத்துக்குள் கடை நிமிராவிட்டால், மைத்துனர் பரசுராமன் அதைத் தன் புடவை குடோனாக மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஏற்கெனவே ஒருநாள் வந்து சுவரை முழம் போட்டு அளந்துவிட்டும் போயிருந்தார்.

"நான் இன்னாங்க தப்பா பேசினேன்?" என்றாள் ஜெயம்.

"போன வருஷம் அந்த ஏஜென்ட்டு கிட்ட இன்னா கேட்ட?"

"இது கையில நெய்ததா, கரண்ட்டுல நெய்ததான்னு கேட்டேன்."

"அவரு மூஞ்சி எப்படி ஆச்சு?"

"கரண்ட்டு போன மாதிரி ஆச்சு."

"அதான்! பத்து பேரு முன்னாடி எனக்கு எவ்ளோ பேஜாரு! நாளைக்கு நான் பேசிகினு இருக்கசொல்ல நீ குறுக்க வரக்கூடாது. மூச்!"

ஜெயம் பக்கத்து நெசவு ஊரான முள்ளிப்பட்டுக்காரி. கால் மிதிபலகைக்கு எட்டிய நாளிலிருந்து தறியில் உட்கார்ந்தவள். இப்போதும் வீட்டுத் தறியில் புடவை நெய்கிறாள். கமலக்கண்ணனும் தறிக் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் தறிச் சத்தத்தில் நன்றாகத் தூக்கம் வரும் என்பதைத் தவிர அதைப் பற்றி அவருக்கு வேறொன்றும் தெரியாது.

ஜெயம் கொஞ்சம் யோசித்தாள். "சரிங்க. வாயத் தொறக்க மாட்டேன். ஆனா நான் தலையாட்டாம நீங்க எந்த ஆர்டர்லயும் கையெழுத்து போடக்கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

இருபது வருட இல்லறத்தில் இத்தனை சுலபமாக ஒரு பேரம் முடிந்ததே இல்லை. கமலக்கண்ணன் அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் கண்காட்சிக்குள் நுழைந்ததும் அவருடைய வாய்தான் தானாகத் திறந்துகொண்டது. ஆரணிக் கோட்டை மைதானத்தையே பெயர்த்து வந்து, கூரை போட்டு, ஏசி வைத்தாற்போல் ஒரு மண்டபம். அஸ்ஸாம், ஒரிசா, ராஜஸ்தான் என்று வரிசை வரிசையாகக் கடைகள். எங்கு திரும்பினாலும் ஆண்களுக்கான துணி. குர்தா, ஜிப்பா, சால்வை, தலைப்பாகை. ஆண் ஜென்மத்துக்கு இவ்வளவு மரியாதை பூமியில் மிச்சம் இருக்கிறதா என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

முதல் வரிசையில் டை கட்டிய ஒருவர் பாய்ந்து வந்து கைகுலுக்கினார்.

"வெல்கம் சார்! பியூர் ஹேண்ட்லூம் சில்க் குர்தா சார். ஃபீல் பண்ணிப் பாருங்க சார்!"

கமலக்கண்ணன் ஃபீல் பண்ணினார். துணி வழுவழுவென்று இருந்தது. அந்த 'சார்' அதைவிட வழுவழுப்பாக இருந்தது. பேனாவை எடுத்துத் திறந்த பிறகுதான் ஒப்பந்தம் ஞாபகம் வந்து திரும்பிப் பார்த்தார்.

ஜெயம் குர்தாவை உள்பக்கமாகப் புரட்டினாள். தையலுக்குள்ளிருந்து ஒரு நூலை உருவி, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள். பிறகு டைக்காரரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பியூர் சில்க் மேடம்," என்றார் அவர்.

ஜெயம் பார்த்தாள்.

"அதாவது, நீளவாட்டுப் பாவு நூல் சில்க். குறுக்கே போற ஊடை மட்டும் லைட்டா மிக்ஸ்."

ஜெயம் இமைக்கவில்லை.

"பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கங்களேன்."

நூல் விரல்களுக்கு நடுவில் உருண்டுகொண்டே இருந்தது.

"சில்க் மாதிரியே இருக்கும் மேடம். போட்டுக்கறவங்களுக்கே தெரியாது!" டைக்காரர் டையைத் தளர்த்திக்கொண்டார். "மேடம் எந்த டிபார்ட்மென்ட்டு?"

கமலக்கண்ணன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். இவள் பேசினால்தான் ஆபத்து என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த இரண்டு வரிசைகளும் இப்படியே போயின.

"ஜெயம், இது ஷோக்கா இருக்குதே?"

தலை அசையவில்லை.

"இதுவாச்சும்?"

அதற்கும் அசையவில்லை.

"மதியம் ஆவுதுடி. எதுன்னு வாயத் தொறந்து சொல்லித் தொலையேன்!"

ஜெயம் உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

"நான்தான் பேசாதன்னேன். இப்ப நானே சொல்றேன், பேசு!"

பேசினால்தானே. வாக்கு என்றால் வாக்குதான் என்பதுபோல் நடந்துகொண்டே இருந்தாள்.

கடைசி வரிசை மூலையில் பாகல்பூரிலிருந்து வந்த ஒரு நெசவாளத் தம்பதி, பழுப்புப் பட்டுக் குர்தாக்களை அடுக்கிவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கமலக்கண்ணன் தன்னிடமிருந்த இந்தி முழுவதையும் செலவழித்து, "அச்சா! கித்னா?" என்று விலை கேட்டார். வந்த பதில் புரியாததால் மறுபடியும் "அச்சா" என்றார்.

ஜெயம் துணியின் மேல் கை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. அந்தப் பாகல்பூர்க்காரி அந்தக் கையையே பார்த்தாள். சட்டென்று அதைப் பிடித்துத் திருப்பி, தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கையில் காய்த்துப்போன இடத்தைத் தொட்டாள். பிறகு தன் கையை விரித்துக் காட்டினாள். அவளுக்கும் அதே இடத்தில் காய்ப்பு. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததைக் கமலக்கண்ணன் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். ஜெயம் காற்றில் ஓர் இழை அறுந்ததாகக் காட்டி, விரலால் முறுக்கி ஒட்டினாள். பாகல்பூர்க்காரி ஆமென்று தலையசைத்துவிட்டு, தொடையில் உள்ளங்கையை வைத்து உருட்டிக் காட்டினாள். நூல் முழுக்கத் தொடையில் வைத்தே திரித்ததா? ஜெயத்தின் புருவம் உயர்ந்தது. ஆமாம், முழுக்க. ஒரு குர்தாத் துணிக்கு எத்தனை நாள்? விரல்கள் மடங்கின. மழைக்காலத்தில்? இரண்டு பேரும் சேர்ந்து பெருமூச்சு விட்டார்கள். எங்கேயோ பிறந்த இரண்டு பெண்கள், ஒரு சொல் இல்லாமல், பத்தே நிமிடத்தில் அக்காள் தங்கை ஆகிவிட்டார்கள். ஏதோ கோயிலில் நிற்பதுபோல் கமலக்கண்ணன் கை கட்டி நின்றார். இருபது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அந்த உள்ளங்கையைத் தான் ஒருதரம்கூடத் திருப்பிப் பார்த்ததில்லை என்பது அவருக்கு உறைத்தது. பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஜெயம் திரும்பி அவரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பரசுராமன் குடோனுக்கு வேறு சுவரை அளந்துகொள்ளட்டும்.

மொழிபெயர்ப்புக்காகக் கண்காட்சியில் வைத்திருந்த ரீனா என்ற பெண் அப்போதுதான் ஓடிவந்தாள். பாகல்பூர்க்காரரிடம் இந்தியில் விசாரித்துவிட்டு, "சார், இந்தச் சரக்கைத் தமிழ்நாட்டுல வேற யாருக்கும் தரமாட்டாங்களாம். மேடம் கடைக்கு மட்டும்தானாம்," என்றாள்.

"மேடம் கடையா? அது என் கடைம்மா!"

"ஓ. சரிங்க சார்," என்றாள் ரீனா, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்தும் குரலில். "அளவுதான் பாக்கி. இவங்க தைக்கறது ஒல்லி உடம்புக்கு. மேடம் உங்க ஊரு அளவைக் காட்டணுமாம்."

ஜெயம் ஊர் அளவைத் தேடி ரொம்ப தூரம் போகவில்லை. அவள் பார்வை கமலக்கண்ணனின் இடுப்பில் வந்து நின்றது.

அவரைக் கைகளை விரித்து நிற்கவைத்து, குர்தாவின் பக்கத் தையலைப் பிரித்து மாட்டி, சுற்றிலும் எட்டு குண்டூசி குத்தினார்கள்.

"அசையாதீங்க சார். குத்திடும்."

"மூச்சு விடலாமா?"

"கொஞ்சமா விடுங்க."

கமலக்கண்ணன் ஊசிக்குப் பயந்து அதையும் நிறுத்திவைத்தார். கூட்டம் சேர்ந்தது. கூலிங் கிளாஸை நெற்றியில் ஏற்றியிருந்த ஒரு சென்னை அம்மாள் முன்னால் வந்து, தோள் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிற்றில் விரலால் ஒரு குத்து குத்தினார்.

"பொம்மைக்குத் தொப்பையெல்லாம் வெச்சு எவ்ளோ தத்ரூபமா செஞ்சிருக்காங்க!" என்று வியந்துவிட்டு, ஜெயத்தின் பக்கம் திரும்பினார். "இது விலைக்குத்தானே?"

கமலக்கண்ணன் கண்ணை மட்டும் உருட்டி மனைவியைப் பார்த்தார். காலையிலிருந்து மூடியிருந்த வாயை ஜெயம் அப்போதுதான் திறந்தாள்.

"துணி மட்டுந்தாங்க."