அப்பாவின் கல்லில் ஐம்பத்திரண்டு கோடுகள்

ஒவ்வொரு வருடமும் கல்லறைத் திருநாள் நெருங்கும்போது யாராவது ஒருவர் இந்தக் கதையைக் கேட்டுவிடுகிறார்கள். புதிதாக வந்த மருமகன், மருமகனின் அக்கா, ஒரு தடவை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கூட. சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால், கேட்கிறவர்களிடம் தாளை நீட்டிவிட்டு நான் போய்ப் படுக்கலாம். ஆகவே ஒப்புக்கொள்கிறேன்: என் அப்பாவின் கல்லறைக் கல்லை இரண்டாகப் பிளந்தது நான்தான். (உளி பிடித்தவர் வேறு. பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.)

தொண்ணூறுகளின் கடைசி. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஃபிட்டராக இருந்த அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் நானும் பக்கத்துக் கிராமமான வடக்குத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான். நவம்பர் இரண்டாம் தேதி ஃபாதர் கல்லறைகளை மந்திரிக்க வரும்போது அப்பாவுக்கு ஒரு கல் இருக்க வேண்டும், அதில் பெயர் இருக்க வேண்டும். முந்தைய வருடம் மண்மேட்டில் நட்ட மரச்சிலுவை மழையில் சாய்ந்து, பெயர் எழுதிய தகரம் எங்கோ போய்விட்டது. தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த ஃபாதர், "இது யாரும்மா?" என்று கேட்டுவிட்டார்.

"முப்பது வருசம் இந்த ஊருக்கு ஒழச்ச மனுசன். யாருன்னு கேக்கறாங்க பாரு" என்று அம்மா அதையே வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் தம்பி மார்ட்டின் மாமாவும் சுரங்கத்தில்தான் வேலை. "கவலய வுடுக்கா. சிமெண்ட்ல ஒரு சிலுவ போட்டு பேர எழுதிடலாம்" என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. நான் குறுக்கே விழுந்தேன்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. வரலாற்றில் எம்.ஏ. முடித்திருந்தேன். வேலை இல்லை. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற நோய் மட்டும் இருந்தது. நகரியத்து நூலகத்தில், அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில், அயர்லாந்தின் பழைய நினைவுக் கற்களைப் பார்த்தேன். ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த கெல்டிக் மக்கள் வெட்டியவை. அந்த எழுத்துக்கு ஓகம் என்று பெயர். எழுத்து என்றால் நம்முடையதுபோல் வளைவு, சுழி எதுவும் கிடையாது. கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்துக்கொண்டு அதில் இந்தப் பக்கம் மூன்று வெட்டு, அந்தப் பக்கம் ஐந்து வெட்டு, குறுக்கே ஒரு வெட்டு என்று கீழிருந்து மேலே போகும். அதில் சொல்வதும் ஒரே விஷயந்தான்: இன்னார் மகன் இன்னார். மகனுக்கு அவர்கள் வைத்திருந்த சொல் 'மக்கி'. அதைப் படித்ததும் எனக்கு மயிர் கூச்செறிந்தது. அயர்லாந்தும் தமிழ்நாடும் ஒன்று என்று அந்த நாற்காலியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அப்பாவின் பெயர் அந்தோணி. தாத்தா சவரிமுத்து. கல்லில் இடம் போதாது என்று தாத்தாவைச் சவரி என்று சுருக்கிவிட்டு, 'அந்தோணி மக்கி சவரி' என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஐம்பத்திரண்டு கோடுகள். மாமாவிடம் காட்டினேன்.

"என்னம்மா இது, இந்த மாமனோட நைட் ஷிப்ட் கணக்கா?"

அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன். அம்மாவிடம் காகிதத்தைக் காட்டவே இல்லை. முன்பக்கம் வெறுமையாக, ஓரத்தில் மட்டும் கோடுகளோடு கல் நிற்கும்போது, அதன் அழகைப் பார்த்து அவளே புரிந்துகொள்வாள் என்று நம்பினேன். (இதைத் தட்டச்சு செய்யும்போதே கை கூசுகிறது.)

சேத்தியாத்தோப்பு போகிற சாலையோரம் கலியமூர்த்தி என்பவர் அம்மி, ஆட்டுக்கல், எல்லைக்கல் எல்லாம் அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் மொபெட்டில் அங்கே போய், அப்பா கல்லறைக்கு ஒரு கல் வேண்டும் என்றேன். புத்தகத்துக் கற்கள் தூண்போல இருந்ததால், நானும் நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் கனமுள்ள கல்லாகத் தேர்ந்தெடுத்தேன். விளிம்பு கோணலாக இருந்தது. பரவாயில்லை என்று பக்கவாட்டில், கனத்துக்கு நடுவே, மேலிருந்து கீழ்வரை நேராக ஒரு கோடு போட்டு, அதன்மேல் ஐம்பத்திரண்டு வெட்டுகளையும் சாக்கட்டியால் குறித்தேன். கலியமூர்த்தி பீடியை அணைத்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

"குறி போட்ட எடத்துல எல்லாம் உளி எறங்கணுங்களா?"

"ஆமாங்க. நல்லா ஆழமா."

"செஞ்சிடலாம் பாப்பா. இது எங்களுக்குத் தெரியாத வேலையா? எங்க தாத்தா காலத்துலேர்ந்து செஞ்சிகினு வர்றோம்."

நான் ஆடிப்போய்விட்டேன். சேத்தியாத்தோப்புக் கல்தச்சருக்குப் பரம்பரை பரம்பரையாக ஓகம் தெரிந்திருக்கிறது! வேறு ஒருத்தியாக இருந்தால் "எது தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். நான் அதைப் பற்றி எழுதப்போகும் கட்டுரையின் முதல் வரியை மொபெட்டில் உரக்கச் சொல்லிக்கொண்டே வீடு திரும்பினேன்.

அக்டோபர் கடைசி நாளில் மாமா ஒரு சின்ன லாரியைப் பிடித்தார். இருவரும் போய் இறங்கினோம். பன்னை நடுவில் கீறிய மாதிரி, என் கல் இரண்டு பலகைகளாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

"பாருங்க பாப்பா, பிசிறில்லாம பொளந்திருக்கேன். ரெண்டும் ஒரே கனம்" என்றார் கலியமூர்த்தி, பெருமையாக.

"யாருங்க பொளக்கச் சொன்னது?"

"நீங்கதான? நடுவுல கோடு, கோட்டு மேல வரிசையா உளிக்குறி. எங்க வேலையில அதுக்கு வேற அர்த்தம் ஏதுங்க? கல்லறைக்கு இவ்ளோ கனம் எதுக்குன்னு பாத்தேன். சரி, அம்மாவுக்கும் சேத்து இப்பவே ஒண்ணு எடுத்து வெக்கிறாங்கன்னு நெனச்சிகினேன்."

ஒவ்வொரு வெட்டிலும் பாதி இந்தக் கல்லில், பாதி அந்தக் கல்லில். மாமா என்னைப் பார்க்காமல் லாரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்து வெட்டுகிற ஆள் ஊருக்குப் போயிருந்தார். திரும்ப ஒரு வாரம் ஆகும்.

வேறு வழியில்லை. ஒரு பலகையைக் கொண்டுபோய் நட்டோம். மிஷின்களுக்கு நம்பர் எழுதிப் பழகிய கையால், மாமா மஞ்சள் பெயின்ட்டில் சிலுவை போட்டு 'சா. அந்தோணி' என்று எழுதினார். 'ச'வுக்குக் கால் எதற்கு என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஈரக்காற்றில் பெயின்ட் காயவே இல்லை.

இரண்டாம் தேதி, ஃபாதர் எங்கள் வரிசைக்கு வரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. அம்மா தன் குடையைக் கல்லுக்குப் பிடித்தாள். தான் நனைந்துகொண்டு நின்றாள். அப்படியும் சாரல் அடித்து, சிலுவையும் பெயரும் ஒன்றாகக் கலந்து வழிய ஆரம்பித்தன. அம்மா முந்தானையால் ஒற்றினாள், முந்தானைதான் மஞ்சளானது. ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்தார்.

"இது யாரும்மா?"

எனக்கு அந்த மண்ணுக்குள்ளேயே போய்விடலாம்போல் இருந்தது. அம்மா தலையை நிமிர்த்தி, நான்கு வரிசைக்குக் கேட்கிற குரலில் சொன்னாள்:

"சவரிமுத்து மவன் அந்தோணி, ஃபாதர். கன்வேயர் பெல்ட்டு."

ஐம்பத்திரண்டு கோடுகளில் நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான். அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

கோடுகளின் கதையை மாமா அவளிடம் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல ஒரு பேரு. அதத்தான நான் கேட்டேன்?" திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த வாரம் கலியமூர்த்தியே எழுத்து வெட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்து, பெயரைத் தமிழில் ஆழமாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மிச்சப் பலகை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் துணி துவைக்கிற கல்லானது. ஓரத்து வெட்டுகளில் தேய்த்தால் சட்டைக் காலர் அழுக்கு நன்றாகப் போகிறது என்று அக்கம்பக்கத்தில் பேரே எடுத்துவிட்டது. எங்கள் வீட்டில் யாராவது வாயைத் திறந்து பேசாமல் குறிப்பு எழுதி வைத்துவிட்டுப் போனால், "கோடு போட்டுட்டு வந்துட்டா" என்பார்கள். என் மகள்கூட என்னையே அப்படிச் சொல்கிறாள். நான் கண்டுகொள்வதில்லை.

போன வருடம் தோட்டத்தில் டைல்ஸ் போடலாம், அந்தக் கல்லை எடுத்துவிடலாம் என்று என் கணவர் ஆரம்பித்தார். அம்மா ஈரக்கையோடு எழுந்து வந்தாள்.

"அத யாரும் தொடக்கூடாதுங்க மாப்ள. நான் போனா எனக்கு வெக்கிறதுக்கு அது. அவரு கல்லு ஓரமும் இது ஓரமும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். ஒரே கல்லுதான?"

கிட்டே போய் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையை உருவிக்கொண்டு, என் கணவரைப் பார்த்து முடித்தாள்:

"பேரு வெட்ட நீங்க போங்க. இவள மட்டும் அனுப்பாதீங்க."