வீரகத்தியரின் வெற்றிகரமான மரணம்

வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாற்றை இனிமேல் எழுதப்போகிறவர்கள் அதை இரண்டு காலங்களாகப் பிரிக்க வேண்டியிருக்கும்: எங்கள் ஆங்கிலச் செயற்றிட்டத்துக்கு முன், எங்கள் ஆங்கிலச் செயற்றிட்டத்துக்குப் பின். இடையில் யுத்தம், இடப்பெயர்வு, மீள்குடியேற்றம் என்று சில சம்பவங்களும் நடந்திருக்கின்றன. அவற்றை அடிக்குறிப்பில் போட்டுக்கொள்ளலாம்.

செயற்றிட்டத்தின் பெயர் ‘வேலைக்கும் வாழ்வுக்கும் கல்விக்கும் ஆங்கிலம்’. நான் அதன் களநிலை இணைப்பாளர். முல்லைத்தீவில் ஓர் அறையும், ஒரு மின்விசிறியும், நிறுவனத்தின் பெயர் எழுதிய மோட்டார் சைக்கிளும் தந்து, முள்ளியவளைக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருபத்துநான்கு வளர்ந்தவர்களை ஆறு மாதத்தில் ஆங்கிலத்துக்குள் கரைசேர்க்கும்படி என்னைப் பணித்திருந்தார்கள்.

வகுப்பு சனிக்கிழமைகளில், பொதுநோக்கு மண்டபத்தில். ஆசிரியை பிரேமிளா நெளுக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். பாடப்புத்தகம் கொழும்புத் தலைமையகம் அனுப்பியது. முதலாவது பாடம், விமான நிலையத்தில். இரண்டாவது, ஹோட்டலில் அறை எடுத்தல். மூன்றாவது, உணவகத்தில் பரிசாரகருடன் உரையாடல். கிராமத்துக்குள் பஸ் வருவதே ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். ஆனாலும் வயலுக்கு மருந்தடித்த கையோடு வந்த பயனாளிகள், விமானத்தில் ஜன்னலோர இருக்கை தரும்படி ஒரே குரலில் கேட்கும்போது எனக்கு மெய்சிலிர்க்கும்.

இந்த ஒழுங்கைக் குலைக்க வந்தவர் ஜெகதீஸ்வரி அக்கா. வயது நாற்பத்தெட்டு. படிப்பு எட்டாம் வகுப்பில், பதுங்குகுழியோடு முடிந்துபோனது. முதல் நாளே கடைப்பை ஒன்றுக்குள் சுற்றிய கொப்பி ஒன்றுடன் வந்தார். அது அவருடைய கணவர் வீரகத்தியரின் கிளினிக் கொப்பி. வீரகத்தியர் வயல் செய்கிறவர். சிறுநீரக வருத்தம். ஒன்றரை வருடமாக மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போய்வருகிறார். அங்கே கொப்பியில் நிறைய ஆங்கிலம் எழுதுவார்கள். வாயால் சொல்வது, குளிசையைப் போடுங்கோ, அடுத்த மாதம் வாங்கோ என்பது மட்டும். எழுத்து கூடிக்கொண்டே போனது, வீரகத்தியரின் கால் வீக்கமும் கூடிக்கொண்டே போனது.

“சேர், எனக்குப் பிளேன் வேண்டாம். இந்தக் கொப்பியில என்ன எழுதிக் கிடக்கெண்டு வாசிக்கப் பழக்கிவிட்டால் காணும்” என்றார்.

நான் பொறுமையாக விளக்கினேன். கொப்பி சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. எங்களுடையது கல்வித் துறை. சுகாதாரத் துறையை வேறொரு நிறுவனம் பார்த்தது. அவர்களுடைய செயற்றிட்டம் இரண்டு வருடத்துக்கு முன்பே வெற்றிகரமாக முடிந்துவிட்டது. என்ன படிக்க வேண்டும் என்பதைப் படிக்கிறவர்களே முடிவுசெய்தால் பிறகு தலைமையகம் எதற்கு?

அக்கா தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை தேநீர் இடைவேளையில் பார்த்தால், பிரேமிளா ஒரு கையில் தேநீரோடு நாங்கள் கொடுக்கும் ரோல்ஸும் மறு கையில் கிளினிக் கொப்பியுமாக இருக்கிறார். பக்கத்தில் அக்கா, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துக்கொண்டு. பாடத்திட்ட மீறல் என்று குறிப்பேட்டில் பதிந்துவிட்டு, பிரேமிளாவைத் தனியே அழைத்துக் கண்டித்தேன். அவர் சொன்ன பதிலையும் பதிந்திருக்கிறேன்.

“சேர், அவாக்கு மட்டும்தான் இங்கிலீஸ் வேணும். மற்ற இருபத்துமூண்டு பேருக்கும் ரோல்ஸ் வேணும்.”

ஐந்தாம் மாதம் தலைமையகம் ‘வெற்றிக்கதை’ கேட்டது. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வெற்றிக்கதை இல்லாத செயற்றிட்டம் நடக்காத செயற்றிட்டம். அதற்குப் பயனாளியின் முன்படம் ஒன்றும் பின்படம் ஒன்றும் வேண்டும். முன்படம் எடுக்க மறந்துவிட்டோம். ஆகவே ஜெகதீஸ்வரி அக்காவைத் தெரிவுசெய்து, இரண்டையும் ஒரே நாளில் எடுத்தோம். முன்படத்துக்குச் செருப்பைக் கழற்றி, தலையைக் கொஞ்சம் கலைத்து, கவலையாக நிற்கச் சொன்னேன். எங்கள் சனத்துக்கு இதில் இருக்கும் பயிற்சியை வேறெங்கும் காண முடியாது.

“எந்தக் கவலை சேர்? வெள்ளத்துக்கு எடுத்த மாதிரியோ, மீள்குடியேற்றத்துக்கு எடுத்த மாதிரியோ?” என்று கேட்டார் அக்கா.

கல்வி என்பதால் இரண்டுக்கும் நடுவில் வைக்கச் சொன்னேன். பின்படத்தில் புதுச் சேலையும் புத்தகமுமாகச் சிரித்தார்.

கதையை உள்ளபடி எழுதி அனுப்பினேன். வயல் செய்யும் கமக்காரர் ஒருவரின் மனைவி, ஆங்கிலம் வாசிக்கப் பழகினார் என்று. அடுத்த நாளே தலைமையகத்தின் அறிக்கைப் பிரிவிலிருந்து சுதாஜினி தொலைபேசி எடுத்தார். கதையில் இழப்பு ஒன்றும் இல்லையே என்று அவருக்குக் கவலை. கணவர் வருத்தக்காரர் என்றேன்.

“வருத்தம் எண்டால் அது சுகாதாரத்துக்குப் போயிடும், அண்ணா. ஆள் இல்லையெண்டால்தான் விதவையெண்டு எங்கட பட்டியலுக்குள்ள வரும்” என்றார்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, வீரகத்தியரை நான் கொன்றேன். வலி இல்லாத சாவு. ஆங்கிலத்தில் அதற்கு ‘லேட்’ என்ற ஒரு சொல் போதும். கணவர் என்பதற்கு முன்னால் போட்டால் ஆள் காலமாகிவிடுவார். தலைமையகம் மனமுருகி, கதையை வழுவழுப்பான தாளில் வண்ணத்தில் அச்சடித்தது.

ஆறாம் மாதத்தின் கடைசி வாரம், திங்கட்கிழமை, ஜெகதீஸ்வரி அக்கா என் அலுவலகத்துக்கு வந்தார். கிளினிக் கொப்பியை விரித்து, ஒரு வரியில் விரலை வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். பக்கத்தைப் புரட்டி இன்னொரு வரி. பிறகு இன்னொன்று. அடுத்தடுத்த மூன்று மாதங்களிலும் ஒரே வசனம்தான்: பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேரும்படி கூறப்பட்டது, நோயாளிக்கு விளக்கப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார்.

“இவர் எப்ப சேர் மறுத்தவர்? ஆரும் கேட்டால்தானே மறுக்கிறதுக்கு.”

வாசிப்பு சரி என்று சொன்னேன். உச்சரிப்பில் ஒரு சிறு பிழை இருந்தது, திருத்தினேன்.

அக்கா மறுநாளே கிளினிக்குக்குப் போய், அதே வரியில் விரலை வைத்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். எழுதியது யாரென்று அங்கே ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் விரல் நகராமல் அங்கேயே நின்றதால் கடிதம் ஒன்று உடனே கிடைத்தது. வியாழக்கிழமை பின்னேரத்துக்குள் வீரகத்தியரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இன்னும் பிந்தினால் பொறுப்பில்லை என்று இந்தத் தடவை வாயாலும் சொன்னார்களாம்.

வியாழக்கிழமைதான் எங்கள் நிறைவு விழா. அக்கா விடுப்புக் கேட்டார். வெற்றிக்கதை இல்லாமல் நிறைவு விழாவா? ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு அனுப்பிவிடுவேன், பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று வாக்குக் கொடுத்தேன். கணவரை மட்டும் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்றேன். தனியாகப் பஸ் ஏற அவரால் ஏலாது என்றார் அக்கா. ஆகவே விழாவுக்குக் காலஞ்சென்ற வீரகத்தியரும் வந்திருந்தார். உடுப்புப் பையோடு அவரைப் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தினேன்.

நிதி தரும் நிறுவனத்தின் வெள்ளைக்கார அம்மா பத்து மணிக்கு வந்தார். மாலை, மங்கல விளக்கு, வரவேற்பு நடனம். பிறகு ஆங்கிலத்தின் அவசியம் பற்றித் தமிழில் நான்கு உரைகள். பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்காவை மேடைக்கு அழைத்தோம். செய்ய வேண்டியது ஒன்றுதான். அச்சடித்த தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, என் வாழ்க்கையை மாற்றியதற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் பாடமாக்கிக் கொடுத்திருந்தேன்.

அக்கா தாளை வாங்கினார். நெஞ்சோடு பிடிக்கவில்லை. பழக்கதோஷத்தில் முதல் வரியின் கீழ் விரலை வைத்தார். நான் கீழே இருந்து கையைக் காட்டினேன், பார்க்கவில்லை. ஒலிவாங்கியில் நிதானமாக வாசித்தார். பெயர் வந்தது, வயது வந்தது, ஊர் வந்தது. அடுத்த வரியில் விரல் நின்றது. மறுபடியும் வாசித்தார், மனதுக்குள். பிறகு என்னைப் பார்த்தார்.

“சேர், இவர் செத்துப்போனாரெண்டு போட்டுக் கிடக்கு. கொப்பியில அப்பிடி ஒண்டும் இல்லையே. நான் கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்சனான்.”

அக்கா அந்த வரியை விரலால் மறுபடியும் தடவினார். ஒரு கணம் அவர் அதை நம்பிவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் நடந்ததாகிவிடும் என்று மூன்று பக்கத்தில் கண்டவர் அல்லவா? எனக்கு வெட்கமாக இருந்தது. அறிக்கையில் அதற்கு இடம் இல்லாததால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அக்கா மண்டபத்தின் பின்பக்கம் பார்த்து, “இஞ்சருங்கோ, ஒருக்கா எழும்புங்கோ” என்றார். ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து வீரகத்தியர் பையுடன் மெல்ல எழும்பினார். அக்கா வெள்ளைக்கார அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“திஸ் இஸ் மை ஹஸ்பண்ட். ஹீ இஸ் நொட் டெட். வீ ஹாவ் அ பஸ்.”

தாளை மேசையில் வைத்துவிட்டு இறங்கி, வீரகத்தியரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். வெள்ளைக்கார அம்மா எழுந்து நின்று கைதட்டினார். அவர் தட்டியதால் எல்லோரும் தட்டினார்கள். வசனம் மூன்றும் பிழையே இல்லை, உங்கள் வெற்றிக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று என் கையைக் குலுக்கினார்.

பஸ் கிடைத்தது. வீரகத்தியர் இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வருகிறார். முதல் மாதமே வந்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது என்று அங்குள்ள வைத்தியர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்களாம். அக்காவுக்கு விளங்கியது.

செயற்றிட்ட ஒழுங்குகளின்படி, கணவர் உயிரோடிருக்கும் குற்றத்துக்காக ஜெகதீஸ்வரி அக்காவின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சான்றிதழ் மீதி இருபத்துமூன்று பேருக்கும் வழங்கப்பட்டது. தங்களைப் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நெளுக்குளத்துக்குப் போன பிரேமிளா திரும்பி வரவில்லை.

இத்தகைய பெறுபேற்றினால் மகிழ்ந்து, இன்னும் மூன்று கிராமங்களுக்கு இரண்டாம் கட்டத்தை அனுமதித்திருக்கிறார்கள். அனுபவத்திலிருந்து பாடம் கற்று, ஒரேயொரு மாற்றத்தை நானே முன்மொழிந்தேன்; தலைமையகம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. இனிமேல் பயனாளிகளுக்கு ஆங்கிலம் பேச மட்டுமே கற்பிக்கப்படும். வாசிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.