தபாலில் வந்த சகலை

தொப்பிக்கு ஆர்டர் வந்திருந்தது. தொப்பி பின்னுகிற கை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கடைக்காரர் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நான்காவது தடவையும் படித்தார். கண்ணாடியைத் துடைத்தால் கடிதம் மாறிவிடுமா என்ன?

'அன்புள்ள தங்கச்சிக்கு, இங்கே வெயில் தொடங்கிவிட்டது. வழக்கம்போல ஒரு தொப்பி அனுப்பு. ஓரத்தில் நீல நூல் வரட்டும். உன் இருமல் தேவலையா?'

இருமல் தேவலையாகவில்லை. அவளைக் கொண்டுபோனதே அதுதான்.

சின்ன ஊரில் சின்னக் கைவினைப் பொருள் கடை. கூடை, மரப்பொம்மை, மெழுகுவத்தி எல்லாம் வெளியிலிருந்து வரும். நூலிலும் கம்பளியிலும் பின்னுவது முழுக்க அவர் மனைவி. வெயிலுக்குத் தொப்பி, மழைக்குக் குடை உறை, குளிருக்குக் கையுறை என்று கண்ணாடி அலமாரியைப் பருவத்துக்குப் பருவம் மாற்றி அடுக்குவதும் அவளே. கடைக்காரருக்குத் தெரிந்த ஒரே கைவேலை பொட்டலம் கட்டுவது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தூரத்து ஊர் அம்மாள் ஒருத்தி தபாலில் தொப்பி கேட்டு எழுதினாள். இரண்டாவது கடிதத்தில் 'தங்கச்சி' என்றாள். இவள் பதிலுக்கு 'அக்கா' என்றாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் பருவம் தவறாமல் ஒரு பார்சலும் நாலைந்து கடிதமும் போய்வந்துகொண்டிருந்தன. அக்காவின் கணவர், முறைப்படி, கடைக்காரருக்குச் சகலை ஆகிவிட்டார்.

"வீட்டுக்கு வந்து சட்டம் பேசாத சகலை உலகத்துலயே உங்களுக்குத்தான் கிடைச்சிருக்கார்," என்று மனைவி சிரிப்பாள்.

அவள் இறந்தது ஊருக்கெல்லாம் தெரியும். கடைக்கு வருகிறவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அந்த ஒரு வீட்டில் மட்டும் அவள் இன்னும் இருமிக்கொண்டு, நீல நூலைத் தேடிக்கொண்டு உயிரோடு இருந்தாள். நாலு வரி எழுதி அங்கேயும் அவளைச் சாகடிக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இன்னிக்காவது எழுதிடுங்கண்ணே," என்றாள் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா.

"எழுதத்தான் போறேன்."

"என்னன்னு?"

"இருமல் தேவலைன்னு."

தையல்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அலமாரியில் மனைவி பின்னிய தொப்பி ஒன்று மிச்சம் இருந்தது. நீல ஓரம்கூட இருந்தது. கையெழுத்துதான் இடித்தது. மனைவியின் எழுத்து முத்துக் கோத்து வைத்த மாதிரி இருக்கும். இவருடையது கோழி கிளறியது. அதற்கும் அந்த வீட்டிலிருந்தே வழி கிடைத்தது. அக்காவுக்குக் கண் ஆபரேஷன் என்று போன மழைக்காலத்திலிருந்து அவள் சொல்லச் சொல்ல, சகலைதான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கடைக்காரர் பேனாவைத் திறந்தார்.

'இவளுக்கு வலது கையில் சுளுக்கு. சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.'

பத்தே நாளில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே தைலம். 'மேலிருந்து கீழாக நீவ வேண்டுமாம். கீழிருந்து மேலே நீவினால் தொலைத்துவிடுவேன் என்கிறாள் உங்கள் அண்ணி. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று தினமும் கேட்கிறாள்.'

அண்ணி என்று எழுதியிருந்தது முறை தவறு. கடைக்காரர் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. நீவுவதற்குக் கை இல்லாததால் தைலத்தைத் தன் முழங்காலில் தேய்த்துக்கொண்டார். பத்து வருஷ வலி அரை மணியில் விட்டது. வலி விட்டதும் அழுகை வந்தது. பட்டப்பகலில் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அழுதார்.

மழைக்காலம் வந்தது. அலமாரியில் வெயில் தொப்பிகளை மாட்டும் முளைகள் மட்டும் காலியாக நின்றன. மாற்றி அடுக்க ஆளில்லை.

'தங்கச்சிக்கு, குடைக்கு ஒரு உறை,' என்று கடிதம் வந்தது.

"கொடுங்கண்ணே, மெஷின்ல ரெண்டு நிமிஷத்துல அடிச்சுத் தரேன்," என்றாள் தையல்காரம்மா.

"கையால் செய்ததுன்னு வாசல் பலகையில போட்டிருக்கேன். பொய் சொல்லக் கூடாது."

"போனவங்க உயிரோட இருக்காங்கன்னு எழுதறீங்க. மெஷின்ல தைச்சாதான் பொய்யா?"

கடைக்காரர் தானே ஊசியை எடுத்தார். மூன்று வாரம் பின்னினார். எங்கே நிறுத்துவது என்பது மட்டும் பிடிபடவில்லை. கடைசியில் தையல்காரம்மா அதை விரித்துப் பார்த்தாள்.

"இது குடைக்கா, குடையோட குடும்பத்துக்கா?"

'சுளுக்கு இன்னும் முழுசாக விடவில்லை. அதனால் கொஞ்சம் தளர்வாக வந்துவிட்டது,' என்று எழுதி அனுப்பினார்.

'உறை பிரமாதம்,' என்று பதில் வந்தது. 'குடையோடு கைத்தடியும் செய்தித்தாளும் வைக்க இடம் இருக்கிறது. இந்த வசதி முன்பெல்லாம் இல்லையே என்கிறாள்.'

கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. குளிர்காலத்துக்குக் கையுறை கேட்டு வந்தபோது, தெருவில் நடப்பவர்கள் பார்க்கட்டும் என்று வாசலில் நாற்காலி போட்டே பின்னினார். அவள் உட்கார்ந்து பின்னிய அதே நாற்காலி. கம்பளி கையில் ஏறி இறங்கும்போது அவள் பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. அதனாலேயே அவசரப்படவில்லை.

ஒரு கைக்கு ஐந்து விரல். கவனமாக எண்ணி, வரிசையாக ஐந்து பின்னினார். பிறகுதான் பக்கவாட்டில் கட்டைவிரல் வேண்டுமே என்று நினைவு வந்தது. அதையும் பின்னினார். இரண்டாவது கை முதல் கைக்கு ஜோடியாக இருக்க வேண்டாமா? அதற்கும் ஆறு.

"அண்ணே," என்றாள் தையல்காரம்மா, "உங்க கையை ஒரு தடவை பாருங்க."

பார்த்தார். பிரித்துப் பின்னக் குளிர் காத்திருக்காது. 'இது புது மாதிரி' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

இந்தத் தடவை பதில் உடனே வந்தது.

'கையுறை கிடைத்தது. ஆறாவது விரலில் வீட்டுச் சாவியை வைத்துக்கொள்ளலாம், சௌகரியம்தான். ஆனால் சகலை, மனுஷக் கைக்கு எத்தனை விரல் என்பதே மறந்துபோகும் அளவுக்குத் தங்கச்சிக்கு முடியவில்லையா? நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள். குளிர் விட்டதும் முதல் ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறோம்.'

கடைக்காரர் கடிதத்தைத் தையல்காரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"வர வேண்டாம்னு எழுதுங்க!"

"எழுதிட்டேன். யாரையும் பார்க்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு."

"கெட்டுது போங்க! அப்படி எழுதினா ஓடி வருவாங்களே!"

சொன்னபடியே ஆயிற்று. 'குளிர் விடும்வரை பொறுக்க முடியாது, இந்தச் சனிக்கிழமையே வருகிறோம்,' என்று பதில் வந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் திரையைத் தொங்கவிட்டு, கட்டிலில் தையல்காரம்மாவைப் படுக்க வைத்து, தலை மறையப் போர்த்தினார் கடைக்காரர்.

"ஒரே ஒரு தடவை இருமினா போதும்மா."

"எனக்குப் பொய்யா இரும வராதுண்ணே. என்னைப் பார்த்தா நம்ம அண்ணி மாதிரியா இருக்கு?"

"அவங்க அவளைப் பார்த்ததே இல்லையே."

அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. தையல்காரம்மா மறுபேச்சில்லாமல் போர்வைக்குள் போய்விட்டாள்.

கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது நாற்பது வயதுப் பெண். பின்னால் இருந்து ஒல்லியான பெரியவர் ஒருவர் இறங்கினார். தோளில் அந்தக் குடை உறை, அதற்குள் குடை, கைத்தடி, செய்தித்தாள். கையில் ஆறு விரல் கையுறை. வேறு யாரும் இறங்கவில்லை.

"சகலை! இவ எங்க பொண்ணு," என்றார் பெரியவர்.

"வாங்க சகலை! அக்கா வரலையா?"

"அவளுக்குக் கார்ப் பயணம் ஒத்துக்காது. நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லுங்கன்னுட்டா. தங்கச்சி எங்க?"

"உள்ளே... மருந்து மயக்கத்துல தூங்கறா."

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் இருமல் கிளம்பியது. வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கிளம்பியது. கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெரியவர் திரை அருகே போனார். அதை விலக்கவில்லை. கையுறையைக் கழற்றிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே பேசினார்.

"ஏம்மா, உன் அக்கா நல்லா இருக்கா. கண்ணு இப்போ பளிச்சுன்னு தெரியுது. நீ அனுப்பின தொப்பியைப் போடாம வெளியே வரதே இல்லை. உன்னைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. நீ ஒண்ணையும் நினைச்சுக் கவலைப்படாத. உடம்பு தேறி வா, என்ன?"

உள்ளே இருந்து இருமல் வரவில்லை. மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு இருவரும் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து காபி குடித்தார்கள். இரண்டு பேரும் மனைவிமார்களைப் பற்றிக் குறை சொன்னார்கள். இவள் உப்பைக் குறைத்துவிட்டாள் என்றார் ஒருவர். அவள் ஜன்னலைத் திறக்க விடமாட்டாள் என்றார் மற்றவர். கடைக்காரர் ஒரு வருஷத்துக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், இவ்வளவு நல்ல மனுஷரை இத்தனை தூரம் வரவைத்து, ஒரு போர்வையைக் காட்டி ஏமாற்றிவிட்டோமே என்று தன் மேலேயே வெறுப்பு வந்தது. அந்த அக்கா அங்கே தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டு, வராத தங்கச்சிக்காகக் காத்திருப்பாளே.

பெரியவர் விடைபெற்று, மெல்லப் போய்க் காரில் ஏறிக்கொண்டார். மகள் மட்டும் நின்று ஒரு மெழுகுவத்தியை எடுத்து, விலைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவளிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவது, தாயிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியது இவள் பாடு என்று கடைக்காரர் முடிவு செய்தார்.

"உங்க அம்மாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்மா," என்று ஆரம்பித்தார். 

அவள் காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆச்சு சித்தப்பா. சித்திக்கு மட்டும் தெரிய வேண்டாம், உடம்பு முடியாதவங்க, தாங்க மாட்டாங்க."