அமாவாசை லீவுக்கு ஒரு சங்கம்

ஆரணியில் அமாவாசை என்றால் தறிக்கு லீவு. இது எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் அரசாணைகளைவிட ஒழுங்காக நடந்து வருகிறது. அன்றைக்குத் தறிக்கு லீவு, நெய்கிறவருக்கு லீவு, நூல் தார் சுற்றுகிற பெண்ணுக்கு லீவு, தறிக்குழியில் தூங்கும் பூனைக்கும் லீவு. லீவு இல்லாத ஒரே ஜீவன் காத்தவராயன்.

காரணம் எளிது. மறுநாள் லீவு என்பதால் முந்தின நாளே எல்லாரும் ஓட்டமாய் நெய்து முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்துவிடுவார்கள். அறுத்த புடவையெல்லாம் அமாவாசை காலையில் மூட்டையாகிக் காஞ்சிபுரம் போயாக வேண்டும். சுமந்து போவது காத்தவராயனின் சின்ன யானை. யானை என்றால் பயப்பட வேண்டாம். குட்டிச் சரக்கு வேனுக்கு ஊர் வைத்த பெயர் அது. அமாவாசை இல்லாத நாட்களில் களம்பூர் அரிசி மூட்டை இருக்கவே இருக்கிறது.

இதனால் பாதிக்கப்பட்ட பொதுமக்கள் இருவர். ஒருவர் அவன் மனைவி குணசுந்தரி. மற்றவர் மகள் லாவண்யா, வயது மூன்று.

லாவண்யாவுக்கு ஒரு வயதில் கடும் காய்ச்சல் வந்தபோது, "என் கையால தூக்கினு வந்து முடி எறக்கறேன் தாயே" என்று பெரணமல்லூர் பக்கத்துக் குலதெய்வத்திடம் காத்தவராயன் வேண்டிக்கொண்டான். காய்ச்சல் மறுநாளே போய்விட்டது. முடிதான் போகவில்லை. அந்தக் கோயில் அமாவாசைக்கு அமாவாசைதான் திறக்கும். அமாவாசைக்கு அமாவாசை அவனுக்கு லோடு. குழந்தையின் முடி இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது. தினமும் வாரிச் சிக்கெடுக்கிறவள் குணசுந்தரி. அதில் அவளுக்குக் கை வலி; குழந்தைக்குத் தொண்டை வலி.

அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த அப்பனை லாவண்யா மேலும் கீழும் பார்த்து மரியாதையாகக் கேட்டாள்:

"இன்னிக்கும் லோடா, லோடு மாமா?"

குணசுந்தரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கேட்டியாய்யா? உம் பொண்ணு உன்ன மாமான்றா. ஒருநாள் நிறுத்தினா இன்னா?"

"நான் நின்னா ஸ்டாண்டுல கீற சிவகுமார் என் லோட எடுத்துகினு பூடுவான்."

"சிவகுமார் நின்னா?"

"நான் எடுத்துகினு பூடுவேன்."

"அப்போ ஏழு வண்டியும் சேந்து நின்னுட்டா?"

காத்தவராயன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஸ்டாண்டுக்குப் போய் அதைத் தன் யோசனையாகச் சொன்னான்.

ஸ்டாண்டில் ஏழு வேன்கள், ஏழு ஓட்டுநர்கள். மூத்தவர் சுப்பராயலு.

"சங்கமா? அதெல்லாம் பேஜார்டா. இன்னிக்கு லீவு கேப்போம், நாளைக்கு உண்டியல தூக்கினு அலைவோம்."

"தலைவர் பதவி உங்களுக்குத்தாண்ணே" என்றான் சிவகுமார்.

"தொழிலாளர் ஒற்றுமை ரொம்ப முக்கியம்டா" என்றார் சுப்பராயலு.

அந்த வாரமே கூட்டம் நடந்தது. காத்தவராயனுக்கு அன்றைக்கும் லோடு; அவன் வந்து சேர்வதற்குள் தலைவர், கௌரவத் தலைவர், செயல் தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர், கொள்கை பரப்புச் செயலாளர் என்று ஆறு பதவியும் தீர்ந்துவிட்டன. ஆகவே காத்தவராயன் அந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஆனான். அதாவது, மொத்த உறுப்பினரும் அவன்தான். ஆறு பேர் கைகூப்பிச் சிரிக்கும் இருபதடி பிளக்ஸ் பேனரை அடித்து வாங்கி, ஏற்றி, இறக்கி, கம்பம் நட்டுக் கட்டும் வரலாற்றுக் கடமை அவனுக்குக் கிடைத்தது. பேனரில் அவன் படம் இல்லை.

சங்கத்தைப் பதிவு செய்யப் போனார்கள். சிறு சரக்கு ஊர்தி ஓட்டுநர் நல ஒழுங்குமுறைக் கிளை அலுவலகத்தின் அதிகாரி அருணகிரி, விண்ணப்பத்தை மூக்குக்கு அருகே வைத்து வாசித்தார்.

"ஒன்பதாம் பத்தி காலி. முதலாளி பெயர்?"

"முதலாளி இல்லீங்க சார். அவனவன் வண்டி அவனவனுது."

"முதலாளி இல்லாமல் தொழிலாளி இருக்க முடியாது. யாரிடம் லீவு கேட்கிறீர்கள்?"

ஏழு பேரும் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார்கள்.

"ஆர்.சி. புத்தகத்தை எடுங்கள்" என்றார் அருணகிரி.

எடுத்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. பெண்கள் பெயரில் எடுத்தால் வட்டி குறைவு என்று பைனான்ஸ்காரர் சொன்னதால் ஏழு வண்டியையும் மனைவி பெயரில்தான் எடுத்திருந்தார்கள்.

"இதோ இருக்கிறார்களே முதலாளிகள்!"

நாலாம் நாள் குணசுந்தரிக்குப் பதிவுத் தபால் வந்தது. அவள் பெயருக்கு வந்த முதல் பதிவுத் தபால் என்பதால் தபால்காரருக்கு மோர் கொடுத்துவிட்டுப் பிரித்தாள். "தங்கள் நிர்வாகத்தின் கீழ் பணிபுரியும் திரு. காத்தவராயன் என்பாருக்கு விடுப்பு மறுத்து, அவரது இல்லற வாழ்வைச் சீர்குலைத்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு..." என்று போனது அது.

"யாருய்யா அவன், நம்ம இல்லறத்தக் கெடுத்தது?" என்று கேட்டாள்.

"நீதான்" என்றான் காத்தவராயன், தலையைச் சொறிந்துகொண்டே. "ஆபீஸ்ல அப்பிடித்தான் சொல்றாங்க."

விசாரணை நாளன்று பெஞ்சின் இந்தப் பக்கம் ஏழு தொழிலாளர்கள். அந்தப் பக்கம் ஏழு முதலாளிகள். முதலாளிகளில் இருவர் மல்லி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காத்தவராயன் வழக்கு. நிர்வாகத் தரப்பு வந்திருக்கிறதா?" என்று கூப்பிட்டார் அருணகிரி.

நிர்வாகத் தரப்பு இடுப்பில் குழந்தையோடு எழுந்தது.

"தொழிலாளிக்கு ஏன் லீவு தரவில்லை?"

"நானா தரலை? ரெண்டு வருசமா லீவு போடுய்யா, போடுய்யானு கெஞ்சிகினு கீறேன் சார்!"

"எழுத்து மூலம் கெஞ்சினீர்களா?"

"புருசனுக்கு யாருங்க லெட்டர் போடுவாங்க?"

"எழுத்தில் தராத லீவு, மறுக்கப்பட்ட லீவு" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் அருணகிரி.

காத்தவராயனுக்கு மனசு கேட்கவில்லை. "சார், அவ நல்ல முதலாளிதாங்க. சோறுகூடப் போடுறா."

"டேய், முதலாளிய புகழாதடா, சங்கத்துக்கு இழுக்கு" என்று சுப்பராயலு அவன் தொடையைக் கிள்ளினார்.

"பணியிடை உணவு: உண்டு" என்று அதையும் எழுதிக்கொண்டார் அருணகிரி.

மாலைக்குள் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒப்பந்தம் தயாரானது. ஓட்டுநர்களுக்கு அமாவாசைதோறும் லீவு. அந்த வரி வாசிக்கப்பட்டதும் குணசுந்தரி லாவண்யாவின் முடியை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள். விடுதலை! மீதி இரண்டு வரிகளை யாரும் சரியாகக் கேட்கவில்லை. அன்றைய சரக்கு தேங்காமல் மாற்று ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. சங்கத்து ஓட்டுநர் எவரும் அன்று ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. ஏழு முதலாளிகளும் கையெழுத்துப் போட்டார்கள். சுப்பராயலுவின் மனைவி கமலம் பேனாவுக்கு மூடி எங்கே என்று தேடியும் கொடுத்தாள்.

அமாவாசையும் வந்தது. காத்தவராயன் தலைக்குக் குளித்து, இஸ்திரி வேட்டி கட்டி, பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். குணசுந்தரி பட்டுப்புடவையில் தேங்காய்ப் பையோடு வாசலைத் தாண்டினாள். போன் அடித்தது. புடவை வியாபாரி சந்திரப்பிரபு.

"அம்மா, முகூர்த்தப் புடவைம்மா. நாளைக்கு விடியற்காலம் தாலி. பொண்ணு கூரைப்புடவைக்குக் காத்துகினு இருக்குது. வண்டி எங்க?"

"டிரைவருக்கு லீவுங்களே."

"டிரைவருக்குத்தானம்மா லீவு? முதலாளிக்கு இல்லியே?"

குணசுந்தரிக்கு ஓட்டத் தெரியும். கல்யாணமான புதிதில், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்த காலத்தில், வறண்ட ஏரிக்குள் கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுத்துத் தந்தவன் காத்தவராயன்தான். பழைய ஞாபகத்தில் அவன் கை சாவியை நோக்கிப் போனது.

"தொடாதய்யா. ஒப்பந்தம்" என்றாள் குணசுந்தரி. "நீ கோயிலுக்குப் போ. வேண்டிக்கினது நீ. இன்னொரு அமாவாசை இந்த முடிய என்னால வார முடியாது."

அப்பனும் மகளும் பஸ் ஏறினார்கள். முதலாளி பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்ன யானையை எடுத்தாள். மற்ற ஆறு முதலாளிகளுக்கும் ஓட்டத் தெரியாது. ஆகவே மாற்று ஏற்பாடாக அந்த ஆறு வண்டி லோடும் அவள் வண்டிக்கே வந்தது. நெருக்கி அடுக்கியும் காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்குமாக மூன்று நடை.

பொழுது சாய ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினாள். அங்கே ஆறு பெண்களும் கூடியிருந்தார்கள். நாள் முழுக்கச் சும்மா இருந்ததால் சிறு சரக்கு ஊர்தி உரிமையாளர் சங்கம் தொடங்கிவிட்டிருந்தார்கள். லீவு கேட்கத்தான்.

"வா குணசுந்தரி" என்றாள் தலைவி கமலம். "ஜல்தியா வரக்கூடாதா? பதவி எல்லாம் தீந்துபோச்சு. நீ உறுப்பினர்."

"சரிக்கா."

"போறப்போ இந்த பேனரை அப்பிடியே வண்டில ஏத்திக்க."

ஏற்றிக்கொண்டாள். வீட்டு வாசலில் அப்பன் மடியில் பளபளவென்று சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு லாவண்யா உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அவன் இடுப்பு வேட்டியைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். குணசுந்தரிக்கு அசதியெல்லாம் பறந்துபோயிற்று. வண்டியிலிருந்து குதித்து இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மரியாதையாகக் கேட்டது:

"நாளைக்கும் லோடா, லோடு அத்தை?"